அம்மாவின் செருப்பில் இருபது நிமிஷம்

நவம்பர் 4, திங்கள்

இந்த நோட்டை யாரும் திறக்க மாட்டார்கள். அட்டையில் ‘சமூக அறிவியல், எட்டாம் வகுப்பு’ என்று ஒட்டியிருக்கிறது. நான் இப்போது ஒன்பதாவது. போன வருஷத்துச் சமூக அறிவியலை எடுத்துப் படிக்கிற ஆள் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, கோவில்பட்டியிலேயே இருக்க முடியாது. பின்னால் நிறையப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

சாமி ஷெல்புக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். சிவப்பு பல்பு வெளிச்சம் போதும். அம்மா உள்ளறையில் படுத்திருக்கிறாள். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவள் மூச்சு கேட்கிற தூரத்தில்தான் உட்காருவேன்.

இன்று சாயங்காலம் பேச்சியம்மா அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அடுத்த தெரு. ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பா பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

“ஆடியில படுத்தவ தம்பி. தீவாளிக்குத் தலையில எண்ணெகூட வைக்கல. எத்தன நாளைக்கு இப்படியே?”

“ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்லக்கா.”

“போ, வேண்டாங்கல. சங்கரன்கோயில்ல அவ அண்ணன் வீட்டுல கொண்டு விடு. பொறந்த வீட்டுல இருந்தா மனசு மாறும். செம்பகத்த நான் பாத்துக்கிடுறேன்.”

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பிறகு, “தை பொறக்குற வரைக்கும் பாப்போம்” என்றார்.

காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். எழுபத்தோரு நாள்.

நவம்பர் 5, செவ்வாய்

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். டாக்டர் மாத்திரையை மாற்றினார். பிறகு கவுன்சலிங் தருகிற நூர்ஜகான் மேடம் எங்களை உட்கார வைத்துப் பேசினார். அம்மாவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பா பதில் சொல்ல, மேடம், “சார், நீங்க வண்டி ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து யாராச்சும் ஸ்டியரிங்கப் பிடிச்சா விடுவீங்களா?” என்றார். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

ஒரு தாள் கொடுத்தார். ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம். ஏழு மணிக்குள் எழுந்து முகம் கழுவுவது, வெயிலில் பத்து நிமிஷம், குளியல், கொஞ்சமாவது மூன்று வேளைச் சாப்பாடு, இருபது நிமிஷம் நடை, வீட்டில் ஏதாவது ஒரு சின்ன வேலை, வெளியாள் ஒருவரிடம் இரண்டு வார்த்தை, மாத்திரை.

“செஞ்சா நீங்களே ஒரு டிக் போடுங்க கோமதிம்மா. செய்ய முடியலையா, வெறுமனே விட்டுருங்க. வெறும் கட்டம் தப்பே இல்ல. அடுத்த நாள்ன்னு ஒண்ணு இருக்கு.”

“உம்” என்றாள் அம்மா.

மாத்திரையை அப்பா கையில் வைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அப்பாவுக்கு ஒருநாள் இங்கே டூட்டி, ஒருநாள் வெளியூரில் தங்கல். அதனால் அது என்னிடம் வந்துவிட்டது. ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். மொட்டைமாடிக் கதவின் சாவியையும் எடுத்து என் கழுத்துக் கயிற்றில் கோர்த்துக்கொண்டேன். அது யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஏன் என்று எழுதப் போவதில்லை.

நவம்பர் 6, புதன்

மாத்திரை மட்டும். ஒரு டிக். அதையும் நான்தான் போட்டேன். அம்மா பேனாவைத் தொடவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பிரேயரில் பி.டி. டீச்சர் என்னை வரிசையை விட்டு வெளியே நிற்க வைத்தார். எங்கள் பள்ளியில் ரெட்டை ஜடை போட்டு, மடித்து, நீல ரிப்பனால் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஜெனிட்டா என் பின்னால் வந்து நின்று, “ஏ புள்ள, உன் ஒரு ஜட சாத்தூருக்குப் போகுது, இன்னொண்ணு திருநவேலிக்குப் போகுது. நீ எந்த பஸ்ல ஏறப் போற?” என்றாள். நானும் சிரித்தேன்.

அம்மா ஜடை போட்டால் அப்படி வராது. கீழே உட்கார வைத்து இரண்டு முழங்காலாலும் என் தோளை நெருக்கிப் பிடித்துக்கொள்வாள். சீப்பை வாயில் கடித்தபடியே திட்டுவாள், பாதி வார்த்தைதான் வெளியே வரும். “ஆடாத. ஏட்டி, ஆடாதன்னேம்ல.” இழுக்கிற இழுப்பில் புருவம் மேலே ஏறிவிடும். மூன்றாவது பீரியட் வரைக்கும் மண்டை விண்ணென்று இருக்கும். வலிக்குதும்மா, வலிக்குதும்மா என்று தினமும் சண்டை போடுவேன்.

நான் போடுகிற ஜடை வலிப்பதே இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

அம்மா இன்று எழுந்திருக்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாலு நாளில் பத்து டிக்கூட இல்லை. அப்பா தாளைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வரும்போதும் போகும்போதும் அதைத்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பதில்லை.

அப்போதுதான் அது தோன்றியது.

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்பாவுக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு அம்மாதான் அக்கினிச்சட்டி எடுத்தாள். வெறும் காலோடு நடந்தாள். நான் கூடவே ஓடி, “ஏம்மா, காமாலை அப்பாவுக்குத்தான? நீ ஏன் நடக்க?” என்று கேட்டேன். “அவுக எந்திரிக்க முடியாமக் கெடக்காக. தெம்பு இருக்கிறவ நடக்கணும். ஆத்தாளுக்கு யாரு நடந்தாலும் ஒண்ணுதான்” என்றாள். அப்பா எழுந்து அடுத்த மாதமே பஸ் ஓட்டினார்.

அம்மாவின் பழுப்புச் செருப்பு ஆடி மாதத்திலிருந்து வாசல் மூலையில் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குக்கூட வெறும் காலோடுதான் வருகிறாள். தூசியைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டேன். ஒரு விரல் பெரிது. ஸ்டேஷன் ரோடு, மேம்பாலம் வரைக்கும் போய்த் திரும்பினேன். கடலைமிட்டாய் போடுகிற இடத்தில் வெல்லப்பாகு வாசம் தெரு முழுக்க வந்தது. அம்மாவுக்கு அந்த வாசம் பிடிக்கும். அவளுக்கும் சேர்த்து மூச்சை இழுத்தேன். சரியாக இருபது நிமிஷம்.

வீட்டுக்கு வந்து ‘நடை’ கட்டத்தில் டிக் போட்டேன். இது பொய் இல்லை. அம்மாவுக்காக நடந்தேன். அம்மாவின் செருப்புத்தான் நடந்தது.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். சாக்லேட் தந்தார்கள்.

இப்போது எல்லாவற்றையும் செய்கிறேன். காலையில் கொல்லைப்படியில் அம்மாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு பத்து நிமிஷம் வெயில். பூ விற்கிற மாரித்தாய் அக்காவிடம் இரண்டு வார்த்தை. “அம்மாவுக்கு எப்படித்தா இருக்கு?” “நல்லாருக்காங்கக்கா.” இதுவே இரண்டு வார்த்தை ஆகிவிட்டது. சின்ன வேலைக்கு ஒன்றும் குறைச்சலில்லை, எல்லா வேலையும் நான்தான் செய்கிறேன். குளியல்தான் சிக்கலாக இருந்தது. கடைசியில் என் குளியல் முடிந்த பிறகு நாலு சொம்பு தண்ணீரை அம்மா பேரைச் சொல்லித் தலையில் ஊற்றிக்கொண்டேன். அவள் மிச்சம் வைக்கிற தோசையையும் நான் சாப்பிட்டு விடுகிறேன். அப்பா கண்ணில் பட்டால் வருத்தப்படுவார்.

ராத்திரி அப்பா தாளைப் பார்த்துவிட்டு, “எட்டுக்கு எட்டா!” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. உள்ளே போய், “கோமதி, இன்னைக்கு நடந்தியா?” என்று கேட்டார்.

“உம்” என்றாள் அம்மா. அவள் எதற்கும் அப்படித்தான் சொல்வாள்.

அப்பா மறுபடி வெளியே போய் ரெண்டு முழம் பிச்சிப்பூ வாங்கிவந்து தலையணைப் பக்கத்தில் வைத்தார்.

நவம்பர் 15, வெள்ளி

பூ அப்படியே வாடிக் கிடந்தது. சாமி படத்துக்குப் போட்டேன்.

நவம்பர் 20, புதன்

ஜெனிட்டா கோகோ விளையாடக் கூப்பிட்டாள். எனக்கு நடை இருக்கிறது என்றேன். “கெழவி மாதிரி வாக்கிங் போறாளாம்!” என்றாள். கோபமாகத்தான் போனாள். நடந்து வந்த ராத்திரி மட்டும் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது. அதனால் அம்மாவுக்கும் எங்கேயோ போய்ச் சேருகிறது என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கூட்டம். நூர்ஜகான் மேடம் லீவு. டாக்டர் புதியவர். தாளைப் பார்த்து, “அருமையா இருக்கே! இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிட்டு வர்றதில்ல” என்றார். அம்மாவிடம், “நல்லாத் தூங்குறீங்களா?” என்றார். “உம்.” “பசிக்குதா?” “உம்.” அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, இனிமேல் ரெண்டு மாதம் கழித்து வந்தால் போதும் என்று எழுதிவிட்டார்.

அப்பா என் தலையில் கை வைத்தார். ரெண்டு மாதம் என்றால் பொங்கல் தாண்டிவிடும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாள் அவள் மடியில் இருந்தது. பஸ் பைபாஸில் திரும்பும்போது, “செம்பகம்” என்றாள். அவள் என் பெயரைச் சொல்லி எவ்வளவோ நாள்.

“என்னம்மா?”

“இந்தப் பொம்பள யாரு?”

“எந்தப் பொம்பள?”

தாளில் விரல் வைத்தாள். “இம்புட்டும் செஞ்சவ.”

“நீதாம்மா.”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் 29, வெள்ளி

மாத்திரை கொடுக்கும்போது அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். என்னிடமா என்று தெரியவில்லை.

“நடந்துருக்கேன். குளிச்சுருக்கேன். வெயில்ல உக்காந்துருக்கேன். எல்லாம் செஞ்சும் இப்படித்தான் இருக்கேன்னா, இனி செய்ய என்ன இருக்கு?”

ஹோம்வொர்க் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

நடந்தேன். வெல்லப்பாகு வாசம் வரவில்லை. இன்று அடுப்பு மூட்டவில்லை போல.

டிசம்பர் 4, புதன்

இன்று ஒரு உண்மையான டிக்! பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா எழுந்து பீரோவைத் திறந்து சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, “இது எங்க இருக்குன்னு பாத்துக்கோ” என்றாள். முகம்கூடக் கழுவியிருந்தாள். ‘சின்ன வேலை’ கட்டத்தில் நான் டிக்கை அழுத்திப் போட்டேன். தாள் கிழிந்துவிட்டது.

டிசம்பர் 7, சனி

பூக்கார மாரித்தாய் அக்கா என்னைத் தெருவில் நிறுத்தி, “உங்கம்மா தங்கம்த்தா. தீவாளிச் சேலைய அப்படியே தூக்கிக் குடுத்துட்டாக. ஒருதரம்கூட உடுத்தலையாம்” என்றாள். மாம்பழக் கலர்ச் சேலை. அப்பா எடுத்துக் கொடுத்தது.

சாயங்காலம் அத்தை வந்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்து பேசினாள். “மதினி, செம்பகத்துக்கு ஜட போட மட்டும் படிச்சுக்கோங்க. நல்லா இறுக்கிப் போடணும். முடி வழுக்கும் அவளுக்கு. தளர்ந்துச்சுன்னா டீச்சர் வெளிய நிப்பாட்டுவாக.”

“அடி, இதுல என்ன படிப்பு? நான் போடாத ஜடையா!” என்று அத்தை சிரித்தாள். போகும்போது வாசலில் என் கன்னத்தைக் கிள்ளி, “கோமதி தெளிஞ்சிட்டா பாரு. வாய் விட்டுப் பேசிட்டா” என்றாள்.

நான் சந்தோஷப்பட வேண்டும்.

சாவி கழுத்தில் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை. ஒன்றும் ஏறவில்லை. அம்மா மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டிக் எல்லாம் பொய் என்று சொன்னால் அம்மாவைச் சங்கரன்கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நான் அத்தை வீட்டில். அம்மா மாமா வீட்டில், யார் பக்கத்தில் படுப்பார்கள்? யாருக்குத் தெரியும் சாவியை எங்கே வைக்க வேண்டும் என்று?

சொல்லாவிட்டால்

டிசம்பர் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கை வலித்தாலும்.

காலையில் அத்தையை வரச் சொன்னேன். “நான் பரீட்சை எழுதிட்டு வர்ற வரைக்கும் அம்மாவ விட்டு எங்கயும் போயிராதீங்க. பாத்ரூம் போனாக்கூட வாசல்ல நில்லுங்க” என்றேன். அத்தை ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரித்தா” என்றாள்.

பரீட்சை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினேன். கண்டக்டருக்கு அப்பாவைத் தெரியும். “டிரைவர் அய்யாத்துரை மகதான நீ? யூனிபார்மோட தனியா எங்க போற?” “ஆஸ்பத்திரிக்கு.” “யாருக்கு என்ன?” நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவர் பின்னால் போய் போன் பேசுவது தெரிந்தது. அப்பாவிடம்தான். அடுத்த ஸ்டாப்பில் எழுந்து நின்றேன். ஆனால் இறங்கவில்லை.

நூர்ஜகான் மேடம் டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தாள்களை மேஜையில் வைத்தேன். “இதுல ஒண்ணுகூட அம்மா செய்யல மேடம். மாத்திரையும் ஒருநாள் பீரோ வேலையும் மட்டும் நிஜம். மிச்சமெல்லாம் நான் செஞ்சேன்.”

“நீ செஞ்சியா? எழுதினேன்னு சொல்லு.”

“இல்ல மேடம். செஞ்சேன்.” இருக்கன்குடி, அக்கினிச்சட்டி, செருப்பு, நாலு சொம்பு தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கையைக் கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தன நாளா நடக்குற?”

“இன்னைக்கு நடந்தா முப்பத்தோரு நாள்.”

“சாமிக்கு நேர்ந்தத நீ செலுத்தலாம் செம்பகம். இது அம்மா உடம்புக்குச் சொன்னது. நீ நடந்தா உன் காலுதான் நடக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு பொம்பள எல்லா நாளும் எட்டுக்கு எட்டு போட்டா எனக்குச் சந்தேகம் வந்துரும். நானே போட்டதில்ல. நேத்து எனக்கு மூணுதான்” என்றார்.

“உங்களுக்கா?”

“ஏழு வருஷமா எனக்கும் ஒரு தாள் இருக்கு.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சேலையைப் பற்றிச் சொன்னேன். ஒரே பையில் போட்ட சான்றிதழைச் சொன்னேன். ஜடை போடப் படிச்சுக்கோங்க என்று அத்தையிடம் சொன்னதையும் சொன்னேன். மேடம் எழுந்து நின்றுவிட்டார். “அம்மா பக்கத்துல இப்ப யாரு இருக்கா?” என்று கேட்டு, உடனே போனை எடுத்தார்.

மூன்று மணிக்கு அப்பாவும் அத்தையும் அம்மாவைக் காரில் கூட்டிவந்தார்கள். அப்பா பாதி டூட்டியில் இறங்கி வந்திருந்தார், காக்கிச் சட்டையோடு. டாக்டர் வருவதற்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். மேடம் என்னிடம், “அம்மாட்ட யாரு சொல்றது? நானா, நீயா?” என்றார்.

“நான்.”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் பரீட்சை அட்டை இருந்தது. அதன் கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னேன். “அம்மா, அந்தப் பொம்பள நீ இல்ல. நான்தான். உன் செருப்பப் போட்டுட்டு நடந்தேன். வெயில்லயும் நான்தான் உக்காந்தேன். நீ நடக்கல, குளிக்கல, ஒண்ணுமே செய்யல.”

அம்மா என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்க்கிற மாதிரி இல்லை. என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமே செய்யலையா?”

“ஒண்ணுமேம்மா. பீரோ மட்டும்.”

நான் என்னவோ நடக்கப்போகிறது என்று பயந்தேன். மூச்சு ஒன்று அவளிடமிருந்து நீளமாக வந்தது.

“அப்ப நான் இன்னும் செஞ்சு பாக்கல” என்றாள்.

அவ்வளவுதான். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆடி மாதத்திலிருந்து அவள் அழுது நான் பார்க்கவே இல்லை. அத்தை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

டாக்டர் அம்மாவை வார்டில் சேர்க்கச் சொன்னார். அப்பா கூட இருக்கிறார்.

டிசம்பர் 11, புதன்

அத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன். நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். கிளம்பும்போது அப்பா என்னை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “எனக்குத் தெரியும் தாயி” என்றார்.

“என்னதுப்பா?”

“டிக்கு போட்டது நீதான்னு. உன் டிக்கு வால் நீளமா இருக்கும். சின்னப் புள்ளயிலருந்து பாக்கேன்ல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருந்தாலும் நெசமா இருந்துட்டா என்னன்னு விட்டுட்டேன்.”

மேடம், “நீ தூங்குறியா?” என்று கேட்டதற்குத் தூங்குகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் கண்ணுக்குக் கீழே பார்த்துவிட்டு, அடுத்த தடவை எனக்கும் ஒரு சீட்டுப் போடுவோம் என்றார். எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்குத் துணைக்குப் போவேன்.

இந்த வீட்டில் மூச்சு கேட்பதில்லை. அத்தையின் குறட்டைதான் கேட்கிறது. மணி இரண்டு.

டிசம்பர் 15, ஞாயிறு

வார்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புதுத் தாள் ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது. அதில் இரண்டே டிக். இரண்டும் கோணல், வாலே இல்லை. அம்மாவுடையது.

எட்டுக்கு எட்டு போட்ட ஒரு நாளும் எனக்கு இப்படி இருந்ததில்லை.

டிசம்பர் 21, சனி

அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்ததும் படுத்துவிட்டாள். நானும் பக்கத்தில் படுத்தேன்.

டிசம்பர் 25, புதன்

அத்தை பேச்செடுத்தாள். “தம்பி, தை வரப் போகுது. அவ அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொல்லி வைக்கணும்லா?”

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சொல்லிட்டேன்க்கா. பொங்கலுக்கு இங்க வரச் சொல்லி.”

“நான் அதச் சொல்லல.”

“எனக்குக் காமாலை வந்தப்ப அவ என்னை எங்க கொண்டு போய் விட்டா?”

அத்தை அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, “அப்ப வெள்ளிக்கிழமை அவளுக்குத் துணைக்கு இருக்கிறது என் டூட்டி. செம்பகம் போய்க் கோகோ விளையாடட்டும், அந்தச் சாவியக் கழட்டி எங்கிட்டக் குடு” என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும்? கழற்றிக் கொடுத்தேன். கழுத்தில் கயிற்றுத் தடம் இருக்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

அம்மா வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தாள். நின்றுவிட்டாள். கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள். குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது.

“எஞ் செருப்பு என்னைய விட்டுட்டு எங்கெல்லாமோ போயிட்டு வந்துருக்கு” என்றாள்.

எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அம்மா உதடு லேசாக அசைந்தது. அதனால் சிரித்தேன்.

தெருமுனை வரைக்கும்தான் போனோம். நாலு நிமிஷம். மாரித்தாய் அக்காவின் கூடை தெரிந்ததும் அம்மா திரும்பிவிட்டாள். ஸ்டேஷன் ரோடு வரைக்கும் வந்திருந்தால் பாகு வாசம் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. கட்டம் இருபது நிமிஷத்துக்கு உரியது. “இதுக்கு டிக் உண்டா?” என்று அம்மா கேட்டாள். பாதி டிக் போடச் சொன்னேன். ஒரு சின்னக் கோடு போட்டாள்.

ஜனவரி 1, புதன்

கட்டங்கள் வெறுமை. மாத்திரை மட்டும். நாளைக்குப் பள்ளி திறக்கிறது.

ஜனவரி 2, வியாழன்

காலையில் கண்ணாடி முன்னால் நின்று சீப்போடு மல்லாடிக்கொண்டிருந்தேன். “இங்க வா” என்று சத்தம் கேட்டது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தோளில் வந்து ஒட்டின. முன்பைப் போல நெருக்கவில்லை, சும்மா ஒட்டின. நான் மூச்சுவிடாமல் இருந்தேன்.

வகிடு எடுத்தாள். சீப்பை வாயில் கடித்துக்கொண்டாள் என்பது சத்தத்தில் தெரிந்தது. வலது பக்கம் பின்னிப் பின்னி, இழுத்து மடித்து, ரிப்பனை முடிந்தாள். பிறகு கைகள் என் தோளில் விழுந்தன. அப்படியே கிடந்தன.

“முடியலத்தா. இன்னைக்கு இம்புட்டுத்தான்.”

“போதும்மா.”

“அந்தப் பக்கம்?”

“அது நான் போட்டுக்கிடுறேன்.”

இடது பக்கத்தை நானே போட்டேன். கிளம்பும்போது பார்த்தேன், அம்மா தாளில் ‘சின்ன வேலை’ கட்டத்துக்குள் டிக் போடாமல் பொடி எழுத்தில் ‘வலது ஜடை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பிரேயரில் பி.டி. டீச்சர் என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணு நல்லாத்தான இருக்கு, இன்னொண்ணுக்கு என்ன வந்துச்சு?” என்று வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். ஜெனிட்டா வரிசையிலிருந்து, “இன்னைக்கு சாத்தூர் பஸ் மட்டும் ரைட்டுல போகுது” என்று கிசுகிசுத்தாள். வெயில் முகத்தில் அடித்தது. பத்து நிமிஷம் இருக்கும்.

சாயங்காலம் கோகோ விளையாடினேன். இடது ஜடை அவிழ்ந்துவிட்டது. வலது அசையவில்லை.

இப்போது மணி பத்தரை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அம்மாவும். இன்று மூச்சை எண்ணப் போவதில்லை. வலது ஜடையை இன்னும் அவிழ்க்கவில்லை. அந்தப் பக்கமாகத்தான் படுக்கப் போகிறேன். மடித்துக் கட்டிய இடம் காதுக்குப் பின்னால் அழுத்துகிறது, மண்டையை விண்ணென்று இழுக்கிறது.

வலிக்குதும்மா.